எல்டன் ரிங்கில் பெரிய பாஸ்களை எப்படி மண்டி போட வைக்கிறீர்கள்?

கெடிலக்கரையான் | மஞ்சக்குப்பம், கடலூர்

எல்லோருக்கும் வணக்கம். செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன், சித்தப்பா கொடுத்த பிஎஸ் 4இல் எல்டன் ரிங் ஆடிக்கொண்டிருக்கிறேன். கேம் வந்தது 2022 பிப்ரவரியில், நான் இப்போதுதான் உள்ளே நுழைகிறேன், அதனால் உங்களுக்கு இது பழைய கேள்வியாக இருக்கலாம். பரவாயில்லை, பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.

என் கையில் இருப்பது கேலிட் பகுதியில் வண்டிப் பெட்டியில் கிடைக்கும் கிரேட்ஸ்வோர்டு என்ற பெரிய வாள். இரண்டு கையாலும் பிடித்துத்தான் ஆடுகிறேன். சாதாரண சிப்பாய், நைட் எல்லாம் ஓரிரண்டு அடியிலேயே நிலைகுலைந்து மண்டி போட்டுவிடுகிறான், நெஞ்சருகே மஞ்சளாக ஒளி வரும், போய் ஆர் 1 பொத்தானை அழுத்தினால் ஒரே குத்து, அந்தச் சத்தத்துக்காகவே இந்த வாளைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். ஆனால் ஸ்டார்ம்வேல் கோட்டை வாசலில் நிற்கும் மார்கிட் என்ற பாஸிடம், அதாவது பெரிய எதிரியிடம், இது ஒழுங்காக வேலை செய்யவில்லை. ஒரு சண்டையில் சீக்கிரமே விழுகிறான், அடுத்த சண்டையில் அவன் உயிர் பாதி குறைந்தும் அசையவே இல்லை. திரையில் அதற்கு அளவு எதுவும் காட்டுவதில்லை. என்ன கணக்கில் இது ஓடுகிறது?

இன்னொன்று, விழுந்த பிறகு அந்தக் குத்தைக் குத்துவதுதான் லாபமா, இல்லை அந்த நேரத்தில் வேறு ஏதாவது செய்யலாமா? அப்புறம் உங்களுக்குப் பிடித்த வழி எது, எந்த பாஸிடம் எது பலிக்கும், அதையும் எழுதுங்கள். புதுப்பாளையத்தில் இருக்கும் என் நண்பன் மலேனியா என்ற பாஸ் வரைக்கும் போய்விட்டான், அவளிடம் எதுவுமே நடக்கவில்லை என்கிறான். அவனுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.


லாஸ்பேட்டை அக்கா | புதுச்சேரி

தம்பி, நல்ல கேள்வி. இந்தக் கேமில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியே இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒவ்வொரு பாஸுக்கும் ஸ்டான்ஸ் என்று ஒரு அளவு உள்ளே இருக்கிறது. நீ அடிக்கும் ஒவ்வொரு அடியும் உயிரைக் குறைப்பதோடு இதையும் தனியாகக் குறைக்கும், தீர்ந்ததும் அவன் மண்டி போடுவான். நீ சில நொடி தொடாமல் விட்டாயானால் அது மறுபடி ஏற ஆரம்பித்துவிடும், உன் மார்கிட் விஷயம் முழுக்க இதில்தான் இருக்கிறது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் அலை ஓரமாகக் குழி தோண்டிப் பார்த்திருப்பாய் இல்லையா, கையை எடுத்தால் ஓரம் சரிந்து குழி தானாகத் தூர்ந்துவிடும், அதே கதை. நீ இரண்டு அடி அடித்துவிட்டு, அவன் தடியைச் சுழற்றுகிறானே என்று மேடையின் அந்தக் கோடிக்கு ஓடி, உயிர் ஏற்றும் ஃபிளாஸ்க்கைக் குடித்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் அடித்தது எல்லாம் வீண். சீக்கிரம் விழுந்த சண்டையை நினைத்துப் பார், அதில் நீ அவன் பக்கத்திலேயே நின்றிருப்பாய்.

அடுத்தது நிறைய பேர் கவனிக்காத விஷயம். வாளை எத்தனை தரம் உயர்த்தினாலும், ஸ்ட்ரெங்த் என்ற பலப் புள்ளிகளை எவ்வளவு ஏற்றினாலும், ஸ்டான்ஸைக் குறைக்கும் அளவு மாறாது. அதை முடிவு செய்வது ஆயுதத்தின் வகையும் நீ அடிக்கும் அடியின் வகையும்தான். அதனால் ரூன் என்ற கேம் காசைச் சேர்த்துக்கொண்டு வந்தால் மார்கிட் விழுவான் என்று காத்திருக்காதே, இப்போது உன் கையில் இருப்பதே போதும். கிரேட்ஸ்வோர்டுக்கு ஸ்ட்ரெங்த் 31 கேட்கும், ஆனால் இரண்டு கையால் பிடித்தால் உன் ஸ்ட்ரெங்த்தை ஒன்றரை மடங்காகக் கணக்கெடுப்பார்கள், 21 இருந்தாலே தூக்கிவிடலாம். மிச்சப் புள்ளிகளை உயிரைக் கூட்டும் விகரில் போடு, அடி வாங்கினாலும் பக்கத்தில் நிற்க அதுதான் உதவும்.

அடிகளில் ஆர் 2வை, அதாவது கனமான அடியை, அழுத்திப் பிடித்து முழுதாக ஏற்றி அடிப்பதற்குத்தான் பலன் அதிகம். குதித்து ஆர் 2 அடிப்பது அதற்கு அடுத்து, ஆனால் அது சட்டென்று வந்துவிடும், ஏற்றி அடிக்க நேரமே தராத பாஸிடம் குதிப்பதுதான் சரி. வெறும் ஆர் 1 தட்டிக்கொண்டே இருப்பதில் ஸ்டான்ஸ் குறைவது மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் ஏறாமல் பிடித்து வைக்க அதுவும் உதவும். பெரிய அடிக்கு இடமில்லாதபோது ஒரே ஒரு ஆர் 1 போட்டுவிட்டு உருண்டு போ, அது வீணில்லை.

மார்கிட்டையே எடுத்துக்கொள். தடியைத் தலைக்கு மேல் தூக்கி, உடம்பைப் பின்னால் சாய்த்து, அப்படியே நிறுத்தி வைப்பான். தூக்கியதும் உருண்டவன் எழுந்து நிற்கும்போதுதான் தடி இறங்கும், அவன் எதிர்பார்ப்பதும் அதைத்தான். கையைப் பார்க்காதே, தடியின் நுனி கீழே வர ஆரம்பிக்கிறதா என்று மட்டும் பார், வரும்போது அவனை நோக்கியே உருண்டு உள்ளே போ. தடி தரையில் இடித்த அடுத்த நொடி அவன் குனிந்தபடி இருப்பான், அங்கே ஒரு குதிப்பு ஆர் 2. அவன் நிமிர்ந்து ஒளிக்கத்தியை எடுப்பதற்குள் ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்துவிடு. மறுபடி அவன் தூக்கும்வரை பக்கத்திலேயே வட்டமடி. நீ தூரப் போய் குடித்தால் அதைப் பார்த்துத்தான் அந்தக் கத்தியை எறிவான், அதனால் தூரப் போவதிலும் நிம்மதி கிடையாது.

விழுந்த பிறகு என்ன செய்வது என்று கேட்டாய். அந்தக் குத்து நடக்கும் நேரம் முழுக்க உன்மேல் அடியே படாது, அதுவே ஒரு லாபம். ஸ்டார்ம்வேலுக்குள் போனதும் மிசெரிகார்ட் என்று ஒரு சின்னக் கத்தி கிடைக்கும், கல்வாள் சாவி ஒன்று வேண்டும், சாதாரண ஆயுதத்துக்கு 100 என்று இருக்கும் கிரிட்டிகல் அளவு அதற்கு 140. பாஸ் விழுந்ததும் வாளை மாற்றி அதை எடுத்துக் குத்துவதற்கு நேரம் தாராளமாக இருக்கிறது. நான் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் உயிர் போகிற நிலையில் இருந்தாயானால் குத்தை விட்டுவிட்டு இரண்டு மடக்கு குடி, அதில் கணக்குப் பார்க்காதே.

மார்கிட்டுக்கு மட்டும் இன்னொரு வழி இருக்கிறது. மர்க்வாட்டர் குகையில் பேட்சஸ் என்பவனை வென்று, அவன் கெஞ்சும்போது கொல்லாமல் விட்டால் கடை போடுவான். அவனிடம் மார்கிட்டின் விலங்குச் சங்கிலி 5,000 ரூனுக்குக் கிடைக்கும். சண்டையின் முதல் பாதியில் இரண்டு முறை அவனைத் தரையோடு கட்டிப்போடலாம், அந்த நேரத்தில் ஆர் 2வை முழுசாக ஏற்றி ஏற்றி அடி. ஆரம்பத்தில் இருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம், கேமிலேயே வைத்திருக்கும் பொருள்தானே.


கேடயம்தான் எல்லாம் | முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அக்கா சொன்னதில் அடிப்படை எல்லாம் சரி, ஆனால் எல்லோரையும் குதிக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. வலது கையில் கனமான ஆயுதம், இடது கையில் நூற்றுக்கு நூறு தடுக்கும் கேடயம், இப்படி ஆடுகிறவனுக்கு கார்டு கவுண்ட்டர் மாதிரி சுகமான அடி இந்தக் கேமில் வேறு இல்லை. அடியைக் கேடயத்தில் வாங்கு, வாங்கிய உடனே ஆர் 2. ஏற்றத் தேவையில்லை, குதிக்கத் தேவையில்லை, ஸ்டான்ஸை நன்றாகவே குறைக்கும். முக்கியமாக, அக்கா சொன்ன அந்த நொடிக்கணக்குப் பிரச்சினையே வராது, ஏனென்றால் பாஸ் அடிக்கும்போதெல்லாம் நீயும் அடிக்கிறாய். அவன் எவ்வளவு வேகமாக வருகிறானோ அவ்வளவு சீக்கிரம் விழுவான்.

பித்தளைக் கேடயம் ஒன்று இருக்கிறது, ஆரம்பத்தில் வரும் சிப்பாய்களே போட்டுவிட்டுச் சாவார்கள், உடல் அடியை முழுதாகத் தடுக்கும். ஸ்டாமினா மட்டும் பார்த்துக்கொள். ஐந்தடித் தொடரில் முதல் அடிக்கே கவுண்ட்டர் போட்டால் மற்ற நாலும் உன் மேல்தான் விழும். கடைசி அடி எது என்று தெரிந்துகொண்டு அதற்கு மட்டும் போடு. பாஸின் தொடரை இரண்டு உயிருக்குச் சும்மா தடுத்துக்கொண்டே இருந்து பார்த்தாலே அது மனதில் பதிந்துவிடும்.

2024 ஜூனில் வந்த கூடுதல் பகுதியான டிஎல்சியில் டிஃப்ளெக்டிங் ஹார்ட்டியர் என்று ஒன்று சேர்த்திருக்கிறார்கள். மருந்துத் துளிகள் கலக்கும் ஃபிஸிக் குடுவையில் கலந்து குடித்தால் ஐந்து நிமிடம் வேலை செய்யும், அடி படுகிற நொடியில் தடுத்தால் தட்டிவிட்ட மாதிரி ஆகும், அதற்குப் பின் போடும் கவுண்ட்டருக்கு இன்னும் பலம் கூடும். கேடயம்கூட வேண்டாம், இரண்டு கையால் பிடித்த வாளிலேயே செய்யலாம். அந்த டிஎல்சியில் வரும் மெஸ்மர் என்ற பாஸை நான் அப்படித்தான் முடித்தேன், இந்தக் கேமில் எனக்கு மிகவும் நிறைவாக இருந்த சண்டை அது. அங்கே போகும்போது இந்தத் தம்பிக்குப் பயன்படும், இப்போதே குறித்துக்கொள்ளட்டும்.


பாதிரிக்குப்பத்துக்காரன் | கடலூர்

எல்லோரும் வாளையே பேசுகிறீர்கள். மந்திரக்காரர்களும் பாஸை விழ வைக்கலாம் என்று யாராவது சொல்லுங்கள். ராக் ஸ்லிங் என்று ஒரு மந்திரம், கேலிட்டில் ஏயோனியா சதுப்பில் இருக்கும் ஸ்ட்ரீட் ஆஃப் சேஜஸ் இடிபாடுகளில் கிடைக்கும். இண்டெலிஜென்ஸ் புள்ளி 18 இருந்தால் போதும். அதே இடிபாட்டில் மீட்டியரைட் கோலும் இருக்கிறது, அதை உயர்த்த முடியாது, ஆனால் இந்த மந்திரத்துக்குத் தனியாகப் பலம் கூட்டும். தரையிலிருந்து மூன்று பாறை எழும்பி வரிசையாகப் போய் மோதும். உடல் அடிதான், மந்திரத் தடுப்பு அதிகம் உள்ள பாஸிடமும் வேலை செய்யும். மூன்றும் பட்டால் ஸ்டான்ஸ் மளமளவென்று இறங்கும். பாறை கொஞ்சம் எழும்பித்தான் பறக்கும், அதனால் கூரை தாழ்வான குகையிலும் தூணுக்குப் பின்னாலும் நின்று போடாதீர்கள்.

எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. சண்டை நீண்டுகொண்டே போவது எனக்கு ஒத்துவராது, அதனால்தான் இந்த வழியைப் பிடித்தேன். இன்வெர்ட்டரில் டிவியும் பிஎஸ் 4ம் ஓடுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள் தம்பி, மலேனியா இரண்டாம் கட்டத்தில் இருக்கும்போது திரை அணைந்தால் அன்றைக்கு மனசே விட்டுப்போகும்.


மூன்று பேரி | வில்லியனூர், புதுச்சேரி

மலேனியாவைப் பற்றி நான் சொல்கிறேன், புதுப்பாளையத்து நண்பருக்கு.

முதலில் ஒன்று, முத்தியால்பேட்டை அண்ணன் சொன்ன கேடய வழி இங்கே வேண்டாம். அவள் அடி கேடயத்தில் பட்டாலும் அவளுக்கு உயிர் ஏறும். நீங்கள் ஸ்டான்ஸைக் குறைக்கக் குறைக்க அவள் உயிரை ஏற்றிக்கொண்டே இருப்பாள், மற்ற பாஸ்களிடம் கைகொடுக்கிற வழி இங்கே அவளுக்கு உதவியாகப் போய்விடும். கேட்கிறவர் புதியவர், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அவளுக்கு ஒரு பலவீனம் உண்டு. அவள் மற்ற பெரிய பாஸ்கள் மாதிரி அடியை வாங்கிக்கொண்டே அடிக்கிறவள் இல்லை. கோலோசல் எனும் மிகக் கனமான வகை ஆயுதம் ஒன்று சரியாகப் பட்டால் பெரும்பாலும் அடித்துக்கொண்டிருக்கும்போதே தடுமாறி நின்றுவிடுவாள். இரண்டு கையிலும் ஒவ்வொரு கோலோசல் வைத்து எல் 1 குதிப்பு அடி அடிக்கிறவர்கள் அவளை மூச்சுவிட விடாமல் வைத்திருப்பது இதனால்தான். க்ளா டாலிஸ்மேன் என்ற தாயத்து ஸ்டார்ம்வேலிலேயே கிடைக்கும், குதிப்பு அடிக்கு அது நல்ல துணை. ஆனால் ஒரு தடுமாற்றத்துக்கு ஒரு அடி, அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள், அவள் சட்டென்று பின்னால் தாவிவிட்டுத் திரும்ப வருவாள்.

என் வழி பேரி, அதாவது அடி வரும் நொடியில் அதைத் தட்டிவிடுவது. அவளுக்கு மூன்று பேரி வேண்டும், க்ரூசிபிள் நைட் என்ற எதிரிக்கு ஒன்றே போதும். மூன்றாவது பேரி பட்டதும் அவள் மண்டி போடுவாள். நீளமான வாள், கை முழுதும் பின்னால் போய்த் திரும்பி வரும், அந்தத் தோள் முன்னால் நகரும் நொடியைப் பாருங்கள், வாள் முனையைப் பார்த்தால் எப்போதும் தாமதமாகிவிடும். உதைக்கும்போதும் பிடித்துத் தூக்க வரும்போதும் பேரி வேலை செய்யாது, அங்கே உருண்டுவிடுங்கள்.

வாட்டர்ஃபவுல் என்ற அவளுடைய வாள் நடனம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவள் உயிர் கொஞ்சம் குறைந்த பிறகுதான் அதை எடுப்பாள். மேலே எழும்பி, ஒரு காலை மடக்கி, வாளைப் பின்னால் இழுத்தபடி காற்றில் ஒரு கணம் அப்படியே நிற்பாள், சுற்றிலும் சத்தம் உள்ளே இழுக்கப்பட்ட மாதிரி ஒரு அமைதி வரும். அந்தக் கணத்தில் ஃப்ரீஸிங் பாட் என்ற உறைபனிப் பானையை எறியுங்கள். உறைபனி பிடித்ததும் அவள் பொத்தென்று கீழே விழுவாள், நடனம் அங்கேயே நின்றுவிடும். பானையை எப்போதும் விரைவுப் பட்டியலில் முதலில் வைத்திருங்கள், தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. உறைபனி ஒவ்வொரு முறை பிடித்த பிறகும் அவளுடைய எதிர்ப்பு ஏறும், அதனால் மற்ற நேரத்தில் பனி ஆயுதத்தால் அடித்து இதை வீணாக்க வேண்டாம். பனி பிடித்திருக்கும்போது அவள் வாங்கும் அடி எல்லாமே கூடுதலாகப் படும் என்பது மேலதிக லாபம்.

இரண்டாம் கட்டம் தொடங்கும்போது பூவாக விரிந்து இறங்குவாள். ஓடி வெளியே போய்விடுங்கள், இரண்டாவது வெடிப்பும் முடிந்த பிறகு உள்ளே வந்தால் முழுதாக ஏற்றிய ஆர் 2 ஒன்று நிச்சயம். ஸ்டான்ஸை அங்கிருந்தே குறைக்க ஆரம்பித்துவிடலாம்.


நெய்வேலி நரி | கடலூர் மாவட்டம்

ஸ்டான்ஸ் பழக வேண்டும் என்றால் செகிரோ ஆடுங்கள், 2019 மார்ச்சில் இதே ஃப்ரம்சாஃப்ட்வேர் விட்டது. அதில் பாஸ்ச்சர் என்று திரையிலேயே காட்டுவார்கள், உயிரை முழுதாகக் குறைக்காமலேயே அதை நிரப்பி முடித்துவிடலாம். எல்டன் ரிங்கில் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுவதை அங்கே கண்ணால் பார்த்துப் பழகிவிட்டால் கை தானாக வேகம் பிடிக்கும்.

அங்கே ஒரு கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். பாஸின் உயிர் குறையக் குறைய அவன் பாஸ்ச்சர் ஆறுவதும் மெதுவாகும். அதனால் முதலில் கொஞ்சம் ரத்தம் பார்த்துவிட்டு, அப்புறம் வாளோடு வாள் மோதும் வேலையைத் தொடங்க வேண்டும். குத்த வருகிறவனை மிகிரி கவுண்ட்டரால் மிதிப்பது, கெனிச்சிரோ எறியும் மின்னலைக் குதித்து வாங்கி, கால் தரையில் படும் முன்பே அவனிடமே திருப்பி விடுவது, தலையில்லாத கார்டியன் ஏப் என்ற குரங்கு மேலிருந்து ஓங்கி வெட்டும்போது சரியாகத் தட்டிவிட்டு அது குப்புற விழுந்ததும் ஈட்டியால் உள்ளே இருக்கும் பூரானை இழுப்பது, இவை எல்லாம் மனசுக்கு நிறைவு தரும் நொடிகள். மிருக பாஸ்களுக்குப் பட்டாசு. தீபாவளி சத்தம் கேட்டு மாடு மிரளுகிற மாதிரியே மிரளும்.

லைஸ் ஆஃப் பி என்ற கேம் ஆடுகிறவர்கள் இருந்தால் ஒன்று மட்டும் கவனியுங்கள். அங்கே பாஸின் உயிர்க் கோட்டைச் சுற்றி வெள்ளையாக மின்னினால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது, அந்த நேரத்துக்குள் ஏற்றிய கனமான அடி ஒன்று பட்டால்தான் அவன் விழுவான். அந்த வெள்ளை மின்னும்போதே அவசரப்பட்டு ஓடாமல், அவன் ஒரு தொடரை முடிக்கும்வரை தடுத்துவிட்டு, அதன் கடைசியில் ஏற்றினால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.


கெடிலக்கரையான் | மஞ்சக்குப்பம், கடலூர்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நேற்று ராத்திரி அக்கா சொன்ன மாதிரி தூரப் போகாமல் பக்கத்திலேயே வட்டமடித்து, தடி தரையில் இடித்ததும் குதித்து அடித்தேன். இரண்டாம் கட்டம் வரும் முன்பே மார்கிட் மண்டி போட்டுவிட்டான், சண்டையும் முடிந்தது. கோட்டைக்குள் போய்விட்டேன். நண்பன் பானை செய்ய ஆரம்பித்திருக்கிறான், அவன் பதிவு தனியாக வரும்.

இப்போது இரண்டு சந்தேகம். வாளுக்குத் தனித் திறமை தரும் ஆஷ் ஆஃப் வார் எதைப் போடலாம்? அப்புறம் லியுர்னியா பக்கம் படிகமாக இருக்கும் ஒருவன் இருக்கிறானாமே, எவ்வளவு அடித்தாலும் உயிர் இறங்கவே இறங்காதாம், அவனை என்ன செய்வது? ஸ்டார்ம்ஹில் எவர்கோல் என்ற சிறையில் ஒரு க்ரூசிபிள் நைட் இருக்கிறான், அவனுக்கும் ஏதாவது சொல்லுங்கள். பேரி எனக்கு இன்னும் கைவரவில்லை.


லாஸ்பேட்டை அக்கா | புதுச்சேரி

மார்கிட்டுக்கு வாழ்த்துகள் தம்பி.

ஆஷ் ஆஃப் வாருக்கு யோசிக்கவே வேண்டாம், லயன்ஸ் க்ளா. கேலிட்டில் ஃபோர்ட் கேலுக்குள் இருக்கும் சிங்கம் போன்ற காவலனைக் கொன்றால் கிடைக்கும். முன்னால் பல்டி அடித்து வாளைத் தரையோடு சேர்த்து இறக்கும், நடுவில் சின்ன அடி பட்டாலும் நிற்காது. கிரேட்ஸ்வோர்டில் அது ஸ்டான்ஸைக் குறைக்கும் விதம் அபாரம். மாற்ற வெட்ஸ்டோன் கத்தி வேண்டும், கேட்ஃப்ரண்ட் இடிபாட்டிலேயே இருக்கிறது. ஏற்றிய ஆர் 2வையே நம்பி ஆடுகிறாய் என்றால் மிஸ்ட்வுட் இடிபாட்டில் இருக்கும் ஆக்ஸ் டாலிஸ்மேனை மாட்டிக்கொள், அந்த அடியின் சேதம் கூடும். ஃபிஸிக் குடுவையில் கலக்க, பிறகு ஸ்டோன்பார்ப் என்று ஒரு துளி கிடைக்கும், 30 நொடிக்கு ஸ்டான்ஸை இன்னும் வேகமாகக் குறைக்கும். நேரம் குறைவு, அதனால் புகைக்கதவுக்கு வெளியே குடிக்காதே, உள்ளே போய் பாஸ் பக்கத்தில் வந்த பிறகு குடி.

படிகக்காரனுக்குப் பெயர் கிரிஸ்டலியன், ராயா லுகாரியா படிகச் சுரங்கத்தில் தனியாக இருப்பான், பின்னால் வேறு சுரங்கங்களில் இரண்டு மூன்று பேராகவும் வருவார்கள். உயிர் இறங்கவில்லை என்று பயப்படாதே, அவன் ஸ்டான்ஸ் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். முதல் தடவை மண்டி போடும்வரைதான் அந்தக் கல் உடம்பு. அதன் பிறகு சாதாரணமாகவே அடி படும், சீக்கிரம் முடிந்துவிடுவான். வெட்டும் வாளைவிடச் சுத்தியல், கதாயுதம் மாதிரி மோதும் ஆயுதம் அவனிடம் நன்றாகப் படும். எதையாவது ஒன்றை உயர்த்தாமல் கையில் வைத்திரு, ஸ்டான்ஸுக்கு அது போதும் என்று முன்பே சொன்னேன் இல்லையா. அவன் விழுந்ததும் கிரேட்ஸ்வோர்டுக்கு மாறிவிடு.


கேடயம்தான் எல்லாம் | முத்தியால்பேட்டை, புதுச்சேரி

க்ரூசிபிள் நைட்டுக்கு நான் சொல்கிறேன். எவர்கோலுக்குள் குதிரையும் வராது, துணைக்கு அழைக்கும் ஸ்பிரிட்டும் வராது, நீயும் அவனும்தான். பேரி வராது என்றால் கேடயம் எடு, அவன் அடி எல்லாம் கனமானது, ஆனால் ஒவ்வொன்றுக்கும் நடுவில் நேரம் விடுவான், கார்டு கவுண்ட்டருக்கென்றே செய்த ஆள் மாதிரி இருப்பான். அவன் கேடயத்தை முன்னால் நீட்டிக்கொண்டு மெதுவாக நடந்து வரும்போது நீயாகப் போய் அடிக்காதே, அடி அதில் பட்டு உன் ஸ்டாமினாதான் போகும். அவன் காலைத் தூக்கினால் பின்னால் நகர்ந்துவிடு, மிதி பலமாக விழும். வாளை வீசி முடிக்கும் கடைசி வீச்சைத் தடு, உடனே ஆர் 2, மறுபடி கேடயத்தைத் தூக்கு. உயிர் பாதிக்கு வந்ததும் முதுகிலிருந்து வால் முளைத்துச் சுற்றி அடிப்பான், அது தூரம் வரைக்கும் எட்டும், அதற்குப் பின்வாங்காமல் அவன் பக்கமே ஒட்டி உருண்டு போனால் பின்புறம் திறந்து கிடக்கும், அங்கே உன் லயன்ஸ் க்ளா ஒன்று போடு. எடையை மட்டும் 70 சதவீதத்துக்குக் கீழே வைத்துக்கொள், அதற்கு மேல் போனால் உருளுவது மந்தமாகி எல்லாமே தாமதமாகும்.


கெடிலக்கரையான் | மஞ்சக்குப்பம், கடலூர்

குறித்துக்கொண்டேன் அண்ணா. எடை 70க்கு மேலேதான் இருக்கிறது, மார்புக்கவசத்தைக் கழற்றினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். இன்றைக்கு ஃபோர்ட் கேல் போய் அந்தச் சிங்கத்தைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து நேராக எவர்கோல்.